வகுப்பறையில் ஒரு துணைவஞ்சி

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் நான் பேசுதற்கெனச் செயலாளர் அவர்கள் கொடுத்த தலைப்பு ‘சங்கப் புலவரும் சந்து செய்வித்தலும்’ என்பதாகும். தலைப்பை நான் மாற்றவில்லை. ஆனால் அது என்னை வேறோர் இடத்திற்கு அழைத்துச் சென்றுவிட்டது. சோழர் அரண்மனை முற்றத்தில் தொடங்கும் இவ்வுரை, ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பறையில் போய் நிற்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை ஆபத்தானதைச் செய்ய முனையும் அந்தக் கணத்தில் அங்குள்ள பெரியவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன செய்தல் வேண்டும் என்பதே நான் இன்று பேச விழையும் பொருள். கவிஞர் அவையில் இதைப் பேசலாமா என்னும் தயக்கம் எனக்கிருந்தது. பேசியே ஆக வேண்டும் என்பதற்கான காரணத்தை இறுதியில் சொல்வேன்.

கோவூர் கிழார் செய்தது

புறநானூற்றின் 45, 46, 47 ஆகிய மூன்று பாடல்களும் கோவூர் கிழார் பாடியவை. மூன்றும் துணைவஞ்சி என்னும் துறையின. பிறரை அழிக்க நிற்பவனைத் தடுத்து அமைதிப்படுத்துதலைக் கூறுவது அத்துறை. முதற் பாட்டில், உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையே அவர் நிற்கிறார். மூன்றாம் பாட்டில், ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனுக்கும் வாளுக்கும் இடையே நிற்கிறார். நடுவிலுள்ள 46-ஆம் பாட்டே நம் சிந்தனைக்கு உரியது. மலையமான் மக்களைக் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் யானைக் காலில் இடச் செய்த வேளையில் பாடி, அச்சிறுவர்களைக் கோவூர் கிழார் பிழைக்கச் செய்தார் என்று பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது.

வகுப்பறையில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் நான் மாணவியரிடம் ஒரு வினா எழுப்புவதுண்டு. “அரசனிடம் புலவர் என்ன சொல்லவில்லை?” என்பதே அவ்வினா. அவர் அரசனைக் கொடியவன் என்று கூறவில்லை. அவனுடைய பகையின் நியாய அநியாயங்களை ஆராயவில்லை. பலர் முன்னிலையில் அவனைத் தலைகுனியச் செய்யவில்லை. யானை நிற்கிறது, கட்டளை பிறந்துவிட்டது; இன்னும் சில கணங்களே உள்ளன. அச்சில கணங்களில் அவர் மூன்று செயல்களை மட்டுமே செய்கிறார்.

முதலாவது, கொல்ல நிற்பவனுக்கு அவனுடைய நல்ல முகத்தை நினைவூட்டுகிறார். புறாவின் துயர் தீர்த்தவன் வழியில் வந்தவன் நீ என்கிறார். இரண்டாவது, கண்ணெதிரே இருப்பதை உள்ளபடி காட்டுகிறார். இவர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகள், யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தவர்கள், புதிய கூட்டத்தைப் பார்த்து மருண்டு நிற்பவர்கள் என்கிறார். மூன்றாவது, முடிவை அவன் கையிலேயே விட்டுவிடுகிறார். சொல்வதைச் சொல்லிவிட்டேன், இனி உன் விருப்பம் என்று விலகி நிற்கிறார். ஓங்கிய கையை வேறொருவர் பிடித்து இறக்கினால் அது தோல்வியாகும். தானே இறக்கினால் அது பெருமையாகும் என்பதை அறிந்தவர் அவர்.

பெருமை செய்தல், உள்ளதைக் காட்டல், தெரிவை அவனிடமே விடல் என்னும் இம்மூன்றையும் நினைவில் இருத்திக்கொள்ளுமாறு அவையோரை வேண்டுகிறேன். இவற்றை எனக்கு முதலில் கற்பித்தது புறநானூறு அன்று. எழுத்தறியாத ஓர் அம்மையார் கற்பித்தார்.

2005-ஆம் ஆண்டின் ஒரு பிற்பகல்

கல்லூரிக்கு வருமுன் நான் சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினேன். 2005-ஆம் ஆண்டு; மதிய உணவிற்குப் பிந்திய ஐந்தாம் பாடவேளை; ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த எனக்குப் பின்னால் சன்னல் கண்ணாடி உடையும் ஒலி கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் இருந்த நெடிய மாணவன் ஒருவன், உள்ளங்கை நீளமுள்ள கண்ணாடித் துண்டொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனெதிரே இன்னொரு மாணவன் சுவரோடு சுவராய் ஒட்டி நின்றான். மற்றப் பிள்ளைகள் பெஞ்சுகளின் மீது ஏறி நின்றார்கள்.

நான் என்ன செய்தேன்? உரக்கக் கத்தினேன். “டேய் ரவுடி, கீழே போடுடா!” என்றேன். அச்சொல் என் வாயிலிருந்து புறப்பட்டதும் அறுபது பிள்ளைகளின் கண்களும் அவன்மீது திரும்பின. அவன் கை இறங்கவில்லை, உயர்ந்தது. எதிரே நின்றவனின் முழங்கைக்குக் கீழே கண்ணாடி கிழித்தது. மீண்டும் கத்தினேன். தலைமையாசிரியரை அழைத்துவர ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டும் என்றோ, மற்றவர்களை வெளியேற்ற வேண்டும் என்றோ எனக்குத் தோன்றவே இல்லை. அச்சத்தில் எனக்குத் தெரிந்தது குரலை உயர்த்துவது ஒன்றே.

அப்போது எங்கள் பள்ளியின் ஆயா உள்ளே வந்தார். மணியடிப்பது, பெருக்குவது, குடிநீர்ப் பானை நிரப்புவது ஆகியன அவர் பணிகள். கையில் தண்ணீர்ச் செம்புடன் வந்தவர் அவனை நெருங்கவில்லை. பல அடி தள்ளி, பக்கவாட்டில் நின்றுகொண்டார். வாசல் அவனுக்குத் திறந்தே இருந்தது. மிகத் தாழ்ந்த குரலில், “ஏ ராசா, உன் கையில ரத்தம் ஒழுகுதே, பாத்தியா? தண்ணி கொண்டாந்திருக்கேன். நீ வர்றியா, நான் அங்க வரட்டுமா?” என்றார்.

அவன் அப்போதுதான் தன் கையைப் பார்த்தான். கண்ணாடியை இறுக்கிப் பிடித்ததில் அவன் உள்ளங்கையும் அறுபட்டிருந்தது. அதுவரை நானும் அதைப் பார்க்கவில்லை. வகுப்பில் எவரும் பார்க்கவில்லை. அவன் கண்ணாடித் துண்டை மேசைமீது வைத்துவிட்டு ஆயாவிடம் நடந்து வந்தான்.

அவையோர்களே, எல்லாம் முடிந்த பிறகுதான் நான் அவனை அறைந்தேன். ஆபத்து நீங்கி, கண்ணாடி கையை விட்டு அகன்று, அவன் ஒரு கிழவியிடம் குழந்தையைப் போல் கையை நீட்டிக்கொண்டு நின்றபோது அறைந்தேன். அது தண்டனையன்று, திருத்தமும் அன்று. என்னுடைய அச்சம் வெளியேறுவதற்கு அவன் கன்னம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஆயா செய்ததைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ‘ராசா’ என்றார், அது பெருமை செய்தல். ‘கையில் இரத்தம்’ என்றார். அது உள்ளதைக் காட்டல். ‘நீ வருகிறாயா, நான் வரட்டுமா’ என்றார். அது தெரிவை அவனிடமே விடல். கோவூர் கிழாரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். முனைவர்ப் பட்டத்திற்கென அப்போதே புறநானூற்றைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்குக் கோவூர் கிழார் உதவவில்லை. உதவவில்லை என்பதும் பிழை. நான் அவரைப் பாட்டில் விட்டுவிட்டு வகுப்பறைக்குள் வந்திருந்தேன்.

பிரம்பு போன பின்னர்

என் அறைக்கு ஒரு பின்புலம் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில், உத்தரத்துக் கயிற்றில் சிறுவனைத் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனை இருந்தது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று நாம் பழமொழி வைத்திருக்கிறோம். அடியாத மாடு பணியாது என்றோம். பிள்ளையைச் சேர்க்கவரும் தந்தை, “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று ஆசிரியரிடம் ஒப்படைத்துச் சென்ற காலம் நெடுங்காலம் அன்று. என் தந்தையாரும் அவ்வாறே சொல்லி என்னைச் சேர்த்தார். இச்சொற்களையெல்லாம் ஆக்கியவர்கள் யார்? மொழியை ஆள்பவர்களே ஆக்கினார்கள். ஆகவே இது மொழியாளர்களின் அவையில் பேச வேண்டிய பொருளே.

2003-ஆம் ஆண்டில் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி திருத்தப்பட்டுப் பள்ளிகளில் உடல்வழித் தண்டனை தடை செய்யப்பட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தை வருத்தும் துன்புறுத்தலையும் விலக்கியது. தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றலாகாது என அதன் 16-ஆம் பிரிவு விதித்தது. இச்சட்டங்களை நான் முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆனால் பிரம்பைப் பிடுங்கிய கையில் வேறெதையும் நாம் கொடுக்கவில்லை. நெருக்கடி வேளையில் எங்கே நிற்பது, எவ்வளவு தொலைவில் நிற்பது, யார் பேசுவது, யார் மற்றப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது, என்ன சொல்லலாகாது என்பனவற்றை எனக்கு எந்தப் பயிற்சியும் கற்றுத் தரவில்லை. பாடம் நடத்தும் முறையைப் பல நாள் கற்றேன். பயந்த வேளையில் பேசும் முறையை ஒரு மணி நேரமும் கற்கவில்லை.

கருவி இழந்த ஆசிரியர் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தேர்கிறார். ஒன்று, கையால் அடிக்க இயலாததை நாவால் அடிப்பது. மற்றொன்று, கண்ணை மூடிக்கொள்வது. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். அவ்வம்மையாருக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் என் உள்ளம் நடுங்குகிறது. அதன்பின் ஆசிரியர் அறைகளில், “நமக்கெதற்கு வம்பு? மணி அடித்தால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்” என்னும் பேச்சு மிகுதியாயிற்று. அச்சம் இயல்பானதே. ஆயினும் கண்ணை மூடிக்கொண்ட பெரியவர்கள் உள்ள இடத்தில் ஆபத்து குறைவதில்லை. பிள்ளைகளிடையே அது தடையின்றி வளர்கிறது.

திருவள்ளுவர் வெருவந்த செய்யாமை என ஓர் அதிகாரமே வகுத்தார். தண்டிக்கும்போது கடுமையாகத் தோன்றுமாறு ஓங்க வேண்டும், ஆனால் விழும்போது மென்மையாக விழ வேண்டும் என்பது அங்கே அவர் கூறும் கருத்து. அவர் சொன்னது அரசனுக்கு. ஆசிரியருக்கும் அது பொருந்தும். கண்டிப்பே கூடாது என்பது அவர் கருத்தன்று. அடிக்காமல் விடுவதற்கும் கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் இடையே உள்ள தொலைவை நாம் உணர்தல் வேண்டும்.

சொன்ன பிறகு வரும் இரவு

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டை நினைவூட்ட விரும்புகிறேன். எவரையும் குறை கூறுவதற்காக அன்று. அவை நமக்குக் கற்பிப்பதைக் கேட்பதற்காக.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற பட்டியல் சாதி மாணவன் ஒருவன், அவனோடு ஒரே பள்ளியில் பயின்ற மாணவர்களாலேயே தன் வீட்டில் அரிவாளால் வெட்டப்பட்டான். தடுக்கப் பாய்ந்த அவன் தங்கையும் வெட்டுண்டாள். துன்புறுத்தல் தாளாமல் அவன் சில நாள்களாகப் பள்ளிக்குச் செல்லாதிருந்தான் என்பதும், ஆசிரியர்கள் வினவியபின் அது புகாராக வெளிவந்தது என்பதும், அதன் பின்னரே அந்த இரவு வந்தது என்பதும் அன்றைய செய்திகளில் நாம் படித்தவை.

இதிலிருந்து நான் அறிந்துகொண்டது ஒன்று. ஒரு பிள்ளை வாய் திறந்து சொல்லிவிட்டால் ஆபத்து தீர்ந்துவிட்டது என நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. சொல்லப்பட்ட கணத்திலிருந்து ஆபத்து பெருகுகிறது. யார்மீது சொல்லப்பட்டதோ அவர்களுக்கு அது அவமானமாகிறது. அவமானம் மாலைக்குள் சினமாகிறது. எனவே புகாரைப் பெற்றுக்கொண்டு, அழைத்துக் கண்டித்து, மணியடித்ததும் இருதரப்பையும் ஒரே வாசல் வழியே அனுப்பிவிடுவதோடு எந்தப் பள்ளியின் கடமையும் முடிவதில்லை. அன்று மாலை அவன் யாரோடு வீடு திரும்புகிறான்? மற்றவர்களின் பெற்றோரிடம் யார் பேசியிருக்கிறார்கள்? காவல் துறைக்குச் சொல்ல வேண்டியது உண்டா? மறுநாள் காலை அவன் வாசலில் நுழையும்போது யார் அங்கே நிற்பார்கள்? இவ்வினாக்களுக்கு விடை எழுதி வைத்த பின்னரே பள்ளியின் கதவைப் பூட்டுதல் வேண்டும்.

அம்மாணவன் 2024-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றான் என்ற செய்தியைப் படித்த நாளில் நான் அழுதேன். அந்நிகழ்ச்சியை ஒட்டி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்ட ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூன் திங்களில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. சாதியை அடையாளப்படுத்தும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்தல், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குதல், ஐந்நூறு மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை அமர்த்துதல் எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. கயிற்றை அறுப்பது எளிது. அக்கயிறு எந்தச் சொல்லால் திரிக்கப்பட்டது என்று கண்டு, அச்சொல் வகுப்பில் முதன்முறை ஒலிக்கும்போதே ஆசிரியர் திரும்பிப் பார்ப்பது அரிது. அவ்வரிய செயலே தேவைப்படுகிறது.

இரண்டாவது நிகழ்ச்சி 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பாளையங்கோட்டையில் நேர்ந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், புத்தகப் பையில் கொண்டுவந்த அரிவாளால் உடன் பயிலும் மாணவனை வகுப்பறையிலேயே வெட்டினான். தடுக்க முயன்ற ஆசிரியையும் காயமுற்றார். பென்சில் ஒன்றைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் எழுந்த பூசலே காரணம் எனச் சொல்லப்பட்டது. அவ்வாசிரியையின் துணிவை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். ஆனால் ஆசிரியர்களின் உடலையே கேடயமாக நம்பியிருக்கும் நிலை ஒரு சமுதாயத்திற்கு அழகன்று. பென்சிலுக்கும் அரிவாளுக்கும் இடையே சில வாரங்கள் இருந்தன. இரண்டு பிள்ளைகள் பேசாமல் இருப்பதும், ஒருவன் இடம் மாறி உட்காருவதும், விளையாட்டு வேளையில் தனித்து நிற்பதும் எந்தப் பள்ளியிலும் நாள்தோறும் காணக் கிடைப்பவை. அவற்றைக் காண்பவர்கள் பெரும்பாலும் ஆயாவும் காவலரும் சத்துணவு அமைப்பாளரும் உடற்கல்வி ஆசிரியருமே ஆவர். அவர்கள் கண்டதைக் கேட்பதற்கு நம் ஆசிரியர் கூட்டங்களில் நாற்காலி உண்டா என்பதே என் வினா.

அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்னும் பெயரில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘மனம்’ என்று எழுதாமல் ‘மனசு’ என்று எழுதியவர் யாரோ, அவரை நான் பாராட்டுகிறேன். பிள்ளைக்கு வலிப்பது மனம் அன்று, மனசுதான். 14417 என்னும் கல்வி உதவி எண்ணும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன. பெட்டியும் எண்ணும் தேவையே. ஆனால் பெட்டிக்குள் சீட்டைப் போட்ட பிள்ளைக்கு, சீட்டைப் படித்த முகம் ஒன்று தேவைப்படுகிறது.

ஏட்டில் ஏறிய சொல்

இனி என் கதையின் மறுபாதியைச் சொல்லியாக வேண்டும்.

அன்று மாலை நான் தலைமையாசிரியருக்கு ஓர் அறிக்கை எழுதினேன். நன்றாக எழுதுபவள் என்று பெயரெடுத்தவள் அல்லவா? நயமாகவே எழுதினேன். “இம்மாணவன் ரவுடித்தனம் மிக்கவன், பிற மாணவர்க்கு என்றும் ஆபத்தானவன்” என்பது அதன் முதல் தொடர். அவன் கையில் வழிந்த இரத்தம் அவ்வறிக்கையில் இல்லை. அவன் தாயைப் பற்றி மற்றவன் சொன்ன சொல் அதில் இல்லை. நான் அறைந்தது அதில் இல்லை. ஆயாவும் இல்லை. ஒரு வாரத்திற்குள் அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. ஒழுக்கமும் பண்பும் என்னும் வரிசையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழக்கமாக எழுதப்படும் ‘நன்று’ என்ற சொல் அவனுக்கு எழுதப்படவில்லை.

பத்து நாள் கழித்து அவன் தாயார் வந்தார். பேருந்து நிலையத்தின் அருகே இட்லி விற்பவர். என் முன்னால் அமரவும் இல்லை. “டீச்சரம்மா, அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாத்தித் தரச் சொல்லுங்க. அதைப் பாத்துட்டு ஒரு பள்ளிக்கூடத்துலயும் சேக்க மாட்டேங்குறாங்க” என்றார். நான் தலைமையாசிரியரிடம் போயிருக்கலாம். என் அறிக்கை பிழையானது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது வயது இருபத்தைந்தும் ஆகவில்லை. வேலை நிரந்தரம் இல்லை. “என் கையில் எதுவும் இல்லையம்மா” என்று சொல்லி அனுப்பினேன். அது பொய். என் கையிலிருந்துதான் அந்தச் சொல் புறப்பட்டது.

சில ஆண்டுகள் கழித்து அவனைத் தேடினேன். அக்குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது. அவன் இன்று முப்பத்தைந்தை நெருங்கும் ஆடவனாக எங்கோ இருக்கக் கூடும். எப்படி இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. நலமாக இருக்கிறான் என்று கதை கட்டி உங்களையும் என்னையும் நான் ஆற்றிக்கொள்ள விரும்பவில்லை.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினார். இளமையில் இவற்றை நான் மனப்பாடம் செய்தேன். நிறைகோல் என்பது மதிப்பெண் இடுவதற்கு மட்டும் சொல்லப்பட்டது என்று எண்ணியிருந்தேன். நெருக்கடிக்குப் பின் ஆசிரியர் எடுக்கும் பேனாவே அந்த நிறைகோல் என்பது பின்னர்தான் விளங்கிற்று. ‘ரவுடி’ என்பது பெயர். ‘கண்ணாடித் துண்டைப் பிடித்திருந்தான்’ என்பது செயல். செயலை எழுதினால் அது அன்றோடு முடியும். பெயரை எழுதினால் அது அவனோடு வளரும். கவிதையில் பெயரடைகளைக் குறைக்க வேண்டும் என்று இவ்வட்டத்தின் கூட்டங்களில் எத்தனை முறை வாதிட்டிருக்கிறோம்! பள்ளி ஏட்டில் அது அழகியல் அன்று; ஒரு பிள்ளையின் வாழ்வு.

ஆதலால், ஆசிரியப் பணியிலுள்ள நம் உறுப்பினர்களிடம் நான் கேட்டுக்கொள்வன சில. ஆபத்து வேளையில் முதலில் மற்றப் பிள்ளைகளை அகற்றுங்கள். பார்வையாளர் குறைந்தால் வீம்பும் குறையும். உதவிக்கு ஒருவரை உடனே அனுப்புங்கள். கருவி ஏந்திய கையைத் தனியாளாகப் பிடிக்க முனையாதீர்கள். ஒருவர் மட்டுமே பேசுங்கள். தாழ்ந்த குரலில், அவன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். ‘ஏன் செய்தாய்’ என்னும் வினாவை மூச்சுச் சீராகும்வரை ஒத்திவையுங்கள். அடங்கிய பின் அடிக்காதீர்கள், நாவாலும் அடிக்காதீர்கள். காயம்பட்ட பிள்ளையிடம் ஒருவரும் காயப்படுத்திய பிள்ளையிடம் ஒருவரும் அமருங்கள். இருவருமே தனித்து விடப்படலாகாது. செய்ததன் விளைவை அவன் ஏற்கத்தான் வேண்டும். காயம்பட்டவனுக்கு நீதி கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் விளைவு வேறு, விலக்கி எறிதல் வேறு.

கவிஞர்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். இதை இந்த அவையில் ஏன் பேசினேன் என்பதற்கான காரணம் இதுதான். அறைக்கும் அலட்சியத்திற்கும் இடையே மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அது சொல். அச்சொல்லை உரிய கணத்தில் சொல்லத் தெரிந்தவர்களாக நம் மரபில் புலவர்கள் இருந்தார்கள். பரிசில் பெறப் பாடியதனால் மட்டும் நாம் அவர்களைச் சான்றோர் என்று போற்றவில்லை. யானைக்கும் பிள்ளைக்கும் இடையே போய் நின்றதனாலும் போற்றுகிறோம். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். திங்களுக்கு ஒரு முறை, நம்முள் இருவர், நம் ஊர் அரசுப் பள்ளிகளுள் ஒன்றிற்கு, தலைமையாசிரியரின் இசைவோடு செல்வோம். கவிதை கற்பிக்க வேண்டாம். பிள்ளைகளைச் சொல்ல வைத்துக் கேட்போம். சினத்திற்குச் சொல் கிடைத்த பிள்ளை கண்ணாடியைத் தேடுவது குறையும் என்று நான் நம்புகிறேன். முதல் மாதத்திற்கு என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகிறேன்.

இருபதாண்டுகள் கழித்து, அந்த அறிக்கையை உங்கள் முன் திருத்தி வாசித்து என் உரையை முடிக்கிறேன்.

“இன்று ஐந்தாம் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் சன்னல் கண்ணாடியை உடைத்து, ஒரு துண்டைக் கையில் எடுத்தான். தன் தாயைப் பற்றி இழிவாகப் பேசப்பட்டதாகப் பின்னர்க் கூறினான். நான் அவனை இழிசொல்லால் கத்தி அழைத்தேன். அதன்பின் அவன் இன்னொரு மாணவனின் கையைக் கீறினான். அவனுடைய உள்ளங்கையும் அறுபட்டிருந்தது. பள்ளி ஆயா தண்ணீருடன் வந்து அன்பாக அழைத்ததும் கண்ணாடியை மேசைமீது வைத்துவிட்டான். அதற்குப் பின் நான் அவனை அறைந்தேன். காயமுற்ற இரு மாணவர்க்கும் மருத்துவம் தேவை. இரு வீட்டாரிடமும் இன்றே பேச வேண்டும். நாளை இருவரும் பள்ளிக்கு வரும்போது நான் வாசலில் நிற்பேன்.”